பழைய சீரியல் சோதனைக் கருவி: எந்தப் பெட்டி எதைச் சொல்லும்?

கணினியையும் மற்றக் கருவிகளையும் இணைக்கும் பழைய சீரியல் கேபிளைச் சோதிக்க, ஈபேயில் "ஆர்எஸ்-232 டெஸ்டர்" என்று தேடிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வரும். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். அடுத்த படத்தில் சூட்கேஸ் அளவில், சிறு திரையும் கீபோர்டும் உள்ள ஒரு கருவி. அதற்கடுத்து, எண்கள் மட்டும் ஒளிரும் கனமான மேசைக் கருவி. மூன்றுக்கும் விற்பவர்கள் போட்டிருக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குபவர்களும் அப்படியே பேசுகிறார்கள். டெர்மினல் (கணினியோடு இணைக்கும் திரையும் கீபோர்டும்) ஒன்று கணினியோடு பேச மறுக்கிறது என்று ஒருவர் சொன்னால், "ஒரு டேட்டா டெஸ்டர் வாங்கிப் போடுங்கள்" என்று யோசனை வருகிறது. அவரும் நல்ல காசு கொடுத்துப் பிழை எண்ணும் கருவி ஒன்றை வாங்கிவிடுகிறார். அது அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லாது. அந்தக் கேள்விக்காக அதைச் செய்யவே இல்லை.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 1970களிலிருந்து 1990கள் வரை, முக்கியமாக அமெரிக்காவில், தொலைபேசி நிறுவனங்களுக்காகவும் வங்கி, விமான நிறுவனக் கணினி மையங்களுக்காகவும் தயாரானவை. புதிதாக இருந்தபோது பெரிய கருவிகளின் விலை ஆயிரக்கணக்கான டாலர். இன்று பழைய கணினி சேகரிப்பவர்களும், பழைய சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் வெட்டும், கடையும்) இயந்திரத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பட்டறைக்காரர்களும் தேடுகிறார்கள். வாங்குமுன் கம்பியில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிஞ்சும்.

கம்பியில் ஓடுவது என்ன?

சீரியல் என்றால், பிட்டுகளை (0, 1 என்ற இலக்கங்களை) ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது. இதற்கு அதிகம் புழங்கிய விதிமுறை ஆர்எஸ்-232. 1960இல் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் வெளியிட்டது. நாம் இன்று சந்திக்கும் வடிவம் பெரும்பாலும் 1969இல் வந்த 'சி' பதிப்பைத் தழுவியது. அதில் 0 என்றால் நேர் மின்னழுத்தம், 1 என்றால் எதிர் மின்னழுத்தம். அனுப்பும் பக்கம் 5 முதல் 15 வோல்ட் வரை கொடுக்க வேண்டும். வாங்கும் பக்கம் 3 வோல்ட்டுக்கு மேல் எதுவானாலும் புரிந்துகொள்ள வேண்டும்.

'A' என்ற எழுத்து 9600 வேகத்தில், அதாவது விநாடிக்கு 9600 பிட்டாக, போவதைப் பார்ப்போம். யாரும் பேசாதபோது கம்பி எதிர் மின்னழுத்தத்தில், சுமார் −12 வோல்ட்டில், சும்மா நிற்கும். திடீரென்று +12க்குத் தாவி 104 மைக்ரோ விநாடி அங்கேயே நின்றால், அது 'ஸ்டார்ட் பிட்': இதோ எழுத்து வருகிறது என்ற அறிவிப்பு. பிறகு எழுத்தின் 8 பிட்டுகள், சிறிய மதிப்பிலிருந்து தொடங்கி: 1, 0, 0, 0, 0, 0, 1, 0. கடைசியில் மறுபடி −12. இது 'ஸ்டாப் பிட்'. ஆக ஓர் எழுத்துக்கு 10 பிட்; 9600 வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்து.

'பாட்' என்ற அளவையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம். கம்பியில் நிலை ஒரு விநாடிக்கு எத்தனை முறை மாறலாம் என்பதுதான் பாட். ஆர்எஸ்-232 கேபிளில் அதுவும் பிட் வேகமும் ஒன்றே. கணினித் தரவைத் தொலைபேசி லைனில் அனுப்பும் கருவியான மோடத்தின் தொலைபேசிப் பக்கத்தில் அப்படியில்லை. வி.22 வகை மோடம் 600 பாட்டில் 1200 பிட் அனுப்பும், ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு பிட் ஏற்றுவதால். சோதனைக் கருவியின் முகப்பில் இருக்கும் எண், கேபிளில் ஓடும் பிட் வேகம்.

யார் பேசுவது, யார் கேட்பது?

ஆர்எஸ்-232 எழுதப்பட்டபோது ஒரு முனையில் டெர்மினல், மறுமுனையில் மோடம் என்றுதான் நினைத்து எழுதினார்கள். டெர்மினல் பக்கத்துக்கு டிடிஇ என்று பெயர். மோடம் பக்கத்துக்கு டிசிஇ. 25 பின் கனெக்டரில் டிடிஇ 2ஆம் பின்னில் பேசும், 3ஆம் பின்னில் கேட்கும். டிசிஇ தலைகீழ். அதனால் நேர்க் கேபிள் போட்டாலே வேலை நடக்கும். இரண்டு டிடிஇக்களை நேராக இணைத்தால் இரண்டும் ஒரே கம்பியில் கத்தும், 3ஆம் கம்பியில் யாரும் இருக்க மாட்டார்கள். 9 பின் கனெக்டரில் இந்த இரு எண்களும் இடம் மாறியிருப்பது இன்னொரு குழப்பம்: டிடிஇ அங்கே 3இல் பேசும், 2இல் கேட்கும்.

உங்கள் கருவி எந்த வகை என்று அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். எதையும் இணைக்காமல் கருவியை ஆன் செய்து, 7ஆம் பின்னை (9 பின்னில் 5ஆம் பின்னை) கிரவுண்டாக வைத்து 2ஐயும் 3ஐயும் அளந்து பாருங்கள். எதில் −5 முதல் −12 வரை உறுதியாக நிற்கிறதோ, அதுதான் பேசும் பின். 25 பின்னில் அது 2 என்றால் டிடிஇ.

தரவுக் கம்பிகள் தவிர, "அனுப்பலாமா", "அனுப்பு", "நான் தயார்" என்று சொல்லும் கம்பிகளும் உண்டு. 25 பின் கனெக்டரில் அவற்றின் பெயரும் பின் எண்ணும்: ஆர்டிஎஸ் 4, சிடிஎஸ் 5, டிஎஸ்ஆர் 6, டிசிடி 8, டிடிஆர் 20. இவற்றுக்கு மொத்தமாகக் கைகுலுக்கும் கம்பிகள் என்று பெயர். எனக்குத் தெரிந்தவரை, "சீரியல் வேலை செய்யவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இவற்றில் ஒன்று பதில் இல்லாமல் தொங்குவதுதான்.

கடிகாரம் உண்டா, இல்லையா?

மேலே 'A' போனதைப் பார்த்தோமே, அதில் இரு முனைகளும் வேகத்தை முன்கூட்டியே பேசி வைத்திருக்கின்றன. ஸ்டார்ட் பிட் வந்ததும் தாமாக எண்ணத் தொடங்குகின்றன. இது அசிங்க்ரனஸ். இன்னொரு வகையில் தரவோடு சேர்த்துக் கடிகாரத் துடிப்பும் தனிக் கம்பியில் வரும். 25 பின்னில் 15, 17, 24 ஆகியவை அதற்கானவை. இது சிங்க்ரனஸ். ஐபிஎம் பெரிய கணினிகளின் டெர்மினல்கள், எக்ஸ்.25 வலைப்பின்னல், வி.35 இணைப்பு எல்லாம் இந்த வகை.

இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பணம் செலவாவது இங்கேதான். சாதாரணக் கணினியின் 9 பின் போர்ட்டில் கடிகாரத்துக்கான பின்னே கிடையாது.

இதுவரை பார்த்தது: பிட்டுகள் நேர், எதிர் மின்னழுத்தமாக வரிசையில் போகின்றன, பேசும் பின் எது என்பது டிடிஇயா டிசிஇயா என்பதைப் பொறுத்தது, கைகுலுக்கும் கம்பிகள் ஒத்துக்கொண்டால்தான் பேச்சு தொடங்கும், சில இணைப்புகளில் கடிகாரமும் கூடவே வரும்.

மூன்று கேள்விகள், மூன்று பெட்டிகள்

மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக் குழாய்க்குத் தண்ணீர் சரியாக வரவில்லை என்று வையுங்கள். முதல் கேள்வி, வால்வு திறந்திருக்கிறதா, குழாய் சரியான இடத்தில் இணைந்திருக்கிறதா? இரண்டாவது, தொட்டியிலிருந்து விட்ட நூறு லிட்டரில் வழியில் எவ்வளவு ஒழுகுகிறது? மூன்றாவது, வந்து சேர்ந்த தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது? வால்வைப் பார்க்க வந்தவரிடம் தண்ணீர் ஆய்வு அறிக்கை கேட்க முடியாது. சீரியல் கருவிகளும் இதேபோல் மூன்றாகப் பிரிகின்றன. வால்வைப் பார்ப்பது பிரேக்-அவுட் பாக்ஸ். ஒழுகலை அளப்பது பிட் பிழை அளக்கும் கருவி. பேச்சு வழக்கில் 'பெர்ட்'. தண்ணீரையே ஆராய்வது புரோட்டோகால் அனலைசர்.

பிரேக்-அவுட் பாக்ஸ்

விலையில் கடைசி, பயனில் முதல். இரு பக்கமும் 25 பின் கனெக்டர், நடுவில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சிறு சுவிட்ச், முக்கியமான கம்பிகளுக்கு எல்இடி விளக்குகள், பக்கத்தில் ஜம்பர் கம்பி செருகத் துளைகள் அல்லது ஊசிகள். அவ்வளவுதான் உள்ளே.

இது எப்படி உதவும் என்று பார்க்க, விடி100 டெர்மினலை ஒரு பழைய கணினியின் 25 பின் போர்ட்டோடு இணைப்பதாக வையுங்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. நடுவில் பெட்டியைப் போட்டதும் 2ஆம் விளக்கு எரிகிறது, 3ஆம் விளக்கு அணைந்தே கிடக்கிறது. இரண்டும் டிடிஇ என்று அப்போதே தெரிந்துவிட்டது. 2, 3 சுவிட்சுகளைத் திறந்து, ஜம்பரால் குறுக்காக மாற்றிப் போடுகிறீர்கள். இப்போது இரண்டு விளக்கும் எரிகின்றன. ஆனாலும் எழுத்து வரவில்லை. கணினிப் பக்கம் 5ஆம் விளக்கு இருட்டு: "அனுப்பு" என்ற அனுமதிக்காகக் கணினி காத்திருக்கிறது. அதன் 4ஆம் பின்னை அதன் 5ஆம் பின்னுக்கே ஒரு ஜம்பரால் திருப்பிக் கொடுத்தால் தானே கேட்டுத் தானே அனுமதி பெற்றுக்கொள்ளும். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கும். அப்புறம் ஜம்பர்கள் இருக்கும் அதே அமைப்பில் ஒரு கேபிளைச் சால்டர் செய்துவிட்டுப் பெட்டியைக் கழற்றிவிடலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, 25 கம்பிகளுக்கும் வழி இருக்கிறதா என்பது. சில மலிவுப் பெட்டிகள் ஏழெட்டுக் கம்பிகளையே தொடும்; சிங்க்ரனஸ் வேலைக்கு அவை உதவாது. இரண்டு, விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது. லைனிலிருந்தே எடுத்துக்கொள்ளும் வகை வசதிதான், ஆனால் பலவீனமான போர்ட்டில் மாட்டினால் மின்னழுத்தத்தை இழுத்து இறக்கிவிடும். பேட்டரி போடும் வகை அந்தத் தொல்லையைத் தராது. 'பல்ஸ் டிராப்' என்ற விளக்கு இருந்தால் கூடுதல் சந்தோஷம்: கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு கம்பி ஒரே ஒரு முறை மாறினாலும், அது எரிந்து அப்படியே நிற்கும்.

இந்தப் பெட்டி சொல்லாதது, எந்த எழுத்து போகிறது என்பதை.

புரோட்டோகால் அனலைசர்

கம்பியில் போவதை எழுத்தாகவே படித்துக் காட்டுவது இது. புரோட்டோகால் என்றால், இரு கருவிகள் எந்த வரிசையில் பேச வேண்டும், பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வகுத்துக்கொண்ட ஒழுங்கு. எச்பியின் 1640ஏ, 4951, 4952, டெக்ட்ரானிக்ஸ் 834 எல்லாம் இந்தக் குடும்பம். லைனுக்கு நடுவில் உட்கார்ந்து, குறுக்கிடாமல் இரு பக்கப் பேச்சையும் பதிவு செய்யும். யார் கேட்டார், யார் எப்போது பதில் சொன்னார், எந்தச் செய்தி பிழையோடு வந்தது என்று வரிசையாகக் காட்டும். "இந்தப் பைட் வந்ததும் நிறுத்து" என்று சொல்லிவைக்கலாம். வேண்டுமானால் காணாமல் போன டெர்மினலாகத் தானே நடிக்கவும் செய்யும்.

4951, 4952 போன்றவற்றில் எனக்குப் பிடித்தது, தானாகக் கண்டுபிடிக்கும் வசதி. அறிமுகமே இல்லாத லைனில் மாட்டினால், ஓடும் தரவைப் பார்த்து வேகம், பேரிட்டி (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்), குறியீடு எல்லாவற்றையும் ஊகித்துச் சொல்லும். ஆவணமே இல்லாத பழைய இயந்திரத்தோடு போராடுகிறவருக்கு இது பெரிய உதவி. ஐபிஎம்மின் எப்சிடிக் குறியீட்டையும் அந்தக் காலத்துப் பைசிங்க், எஸ்டிஎல்சி முறைகளையும் நேரடியாகப் படிக்கும்.

பெர்ட்

ஒரு தெரிந்த பிட் வரிசையை அனுப்பி, திரும்பி வருவதோடு ஒப்பிட்டு, எத்தனை தவறு என்று எண்ணுவது இதன் வேலை. அந்த வரிசை பார்க்கத் தாறுமாறாக இருக்கும், ஆனால் 511 அல்லது 2047 பிட்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். வாங்கும் பக்கமும் அதே வரிசையைத் தானே உருவாக்கிக்கொண்டு ஒப்பிடுகிறது. ஃபயர்பேர்டு என்ற பெயரில் வந்த கருவிகள் இதில் புகழ்பெற்றவை.

பத்து லட்சம் பிட்டில் ஒரு தவறு என்பதைச் சோதிக்க 9600 வேகத்தில் 104 விநாடி போதும். நூறு கோடியில் ஒன்று என்பதைச் சோதிக்க ஏறக்குறைய 29 மணி நேரம் ஆகும். தொலைதூர லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனித் தொலைபேசி லைன்), மோடம், ரேடியோ இணைப்பு இவற்றுக்குத்தான் இந்தப் பொறுமை தேவை. மேசைமேல் இரண்டு மீட்டர் கேபிளில் பெர்ட் ஒன்று 'பிழை 0' என்றுதான் காட்டும், அல்லது எதுவுமே காட்டாது. வீட்டில் பழைய கணினி வைத்திருப்பவருக்கு இது தேவைப்படுவது அபூர்வம்.

மூன்றையும் சேர்த்துச் சொன்னால்: இணைப்பே இல்லையென்றால் பிரேக்-அவுட் பாக்ஸ், இணைப்பு இருந்தும் பேச்சு புரியவில்லை என்றால் அனலைசர், பேச்சு நடந்தும் நீண்ட தூரத்தில் அவ்வப்போது கெடுகிறது என்றால் பெர்ட்.

புதிய மலிவுக் கருவி போதாதா?

அசிங்க்ரனஸ் லைன் என்றால் பல நேரம் போதும். யூஎஸ்பியில் மாட்டும் மலிவான லாஜிக் அனலைசரும், சிக்ராக் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் எழுத்துகளைப் படித்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: அந்தச் சின்ன அனலைசர்கள் 5 வோல்ட்டுக்குள் வேலை செய்பவை. ஆர்எஸ்-232இன் ±12 வோல்ட்டை நேரே கொடுத்தால் எரிந்துவிடும். இடையில் மேக்ஸ்232 போன்ற மாற்றும் சிப் அவசியம். அதையும் டிபி-25 (25 பின்) கனெக்டரையும் சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் தேடலாம்.

சிங்க்ரனஸ் லைன் என்றால் கதை வேறு. அப்போதுதான் பழைய அனலைசருக்குக் காசு கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து.

படத்தில் தெரியாததைக் கேளுங்கள்

பழைய அனலைசரின் உண்மையான விலை, அதோடு வராத பொருளில் இருக்கிறது. பல அனலைசர்களுக்கு லைனோடு இணைக்கத் தனி 'பாட்' (pod; மேலே சொன்ன வேக அளவு அல்ல, ஓர் இணைப்புப் பெட்டி) வேண்டும்: ஆர்எஸ்-232க்கு ஒன்று, வி.35க்கு வேறொன்று என்று. ஃபயர்பேர்டு வகையில் இன்டர்ஃபேஸ் மாட்யூல் செருகும் இடம் உண்டு. பழைய அலுவலகங்கள் கருவிகளை ஒழித்துக்கட்டியபோது பெட்டி ஒரு பக்கமும், பாட் இன்னொரு பக்கமும், கேபிள் குப்பைக்கும் போய்விட்டன. பாட் இல்லாத அனலைசரின் திரை அழகாக எரியும், எதோடும் பேசாது. தனியாகத் தேடினால் பாட் சில சமயம் கருவியைவிட அதிக விலை கேட்கும். அதனால் பின்பக்கப் படம் கேளுங்கள், பாட்டின் மாடல் எண் தெரியும்படி. விளம்பரத்தில் "பவர் ஆன் ஆகிறது" என்று மட்டும் இருந்தால் அதற்கு மேல் சோதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுயசோதனை முடிந்த திரையின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஃபிளாப்பியிலிருந்து நிரல் ஏற்றும் கருவி என்றால் அந்த டிஸ்க் கூடவே வருகிறதா என்று கேட்க வேண்டும். எச்பி 4952இல் 3.5 அங்குல டிஸ்க்தான், ஆனால் பதிவு எச்பியின் சொந்த அமைப்பில் இருக்கும். சாதாரண விண்டோஸ் கணினி அதைத் திறந்து காட்டாது. சிறு கார்ட்ரிட்ஜ் டேப் உள்ள கருவியில் ரப்பர் உருளை பிசுபிசுத்துப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் சேர்த்து விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

கையேடு தேடும்போது நிறுவனப் பெயர் மாறியிருப்பது நினைவிருக்கட்டும். எச்பியின் சோதனைக் கருவிப் பிரிவு 1999இல் ஏஜிலென்ட், 2014இல் கீசைட் ஆனது. ஃபயர்பேர்டு செய்த நிறுவனம் ஆக்டெர்னா, ஜேடிஎஸ்யு என்று மாறி இப்போது வியாவி. பழைய பெயரில் தேடினால்தான் கையேடு அகப்படும். பிட்சேவர்ஸ் என்ற இலவசக் காப்பகம் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் ஹாம் ரேடியோ சந்தைகளைப் பாருங்கள். ஓஹையோவின் ஜீனியாவில் மே மாதம் கூடும் டேட்டன் ஹாம்வென்ஷன் அவற்றில் பெரியது. கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடியும். கனமான கருவிக்கு அஞ்சல் செலவும் மிச்சம். இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் அஞ்சல் கூலியையும் சுங்கத்தையும் முதலிலேயே கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

முதன்முறை ஆன் செய்யுமுன்

அவசரப்பட்டு பிளக்கில் செருகாதீர்கள். அமெரிக்கக் கருவி 115 வோல்ட்டுக்கு அமைக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் 230க்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றினால் ஃபியூஸையும் அதற்கேற்ற அளவில் போட வேண்டும். சுவிட்சே இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

அப்புறம் மூடியைக் கழற்றுங்கள். திரை உள்ள கருவியில் பிக்சர் டியூபின் பக்கவாட்டு ரப்பர் மூடியைத் தொடாதீர்கள். அணைத்த பிறகும் அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். மெயின்ஸ் வந்து சேரும் இடத்தில் ஒளி ஊடுருவும் மஞ்சள் உறையோடு, மேலே மயிரிழை விரிசல்களோடு ஒரு கப்பாசிட்டர் தென்பட்டால் அது பெரும்பாலும் ரிஃபா வகை. உள்ளே உள்ள காகிதம் ஈரம் குடித்திருக்கும். மின்சாரம் பட்டதும் வெடித்து அறை முழுக்கப் புகையும் நாற்றமுமாகிவிடும். சோதித்துக்கொண்டிருக்காமல் புதியதை மாற்றுங்கள். போர்டில் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். அதைச் சுற்றிப் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு படர்ந்திருந்தால் கசிந்திருக்கிறது என்று பொருள். வினிகர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் கழுவிக் காயவைத்து, அரித்துப்போன தடங்களைப் பாருங்கள். சில்லுகளில் கண்ணாடி ஜன்னல் உள்ள ஈப்ரோம் (கருவியின் நிரல் பதிந்த சில்லு) இருந்தால் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். வெளிச்சம் படப் பட உள்ளே இருப்பது அழியும். ஈப்ரோமைப் படித்து எழுதும் புரோகிராமர் கருவி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் உள்ளடக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஆன் ஆகிவிட்டது. இப்போது ஒரு 25 பின் கனெக்டரில் 2–3, 4–5 இணைத்து, 6, 8, 20 மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஒரு லூப்பேக் பிளக் செய்யுங்கள். கருவியை டிடிஇயாக அமைத்து அதை மாட்டி, 9600இல் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியதெல்லாம் அப்படியே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது லைனில் அனுப்பும் 1488, லைனிலிருந்து வாங்கும் 1489 சில்லுகளை. கேபிளைத் தாறுமாறாக மாட்டிய பாவம் எல்லாம் அவற்றின் தலையில்தான் விழும். விலையும் குறைவு, மாற்றுவதும் சுலபம். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளும் காலக்கெடு முடியுமுன் இந்த லூப்பேக் சோதனையை முடித்துவிடுங்கள்.